சந்தாவால் எழுந்த ஊர்



சுரங்கம் மூடிய ஒரு ஊரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். தங்கவயலைப் பற்றிப் பேசுவேன் என்று சிலர் எதிர்பார்த்து வந்திருக்கலாம். தங்கவயலைப் பற்றிப் பேச அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறார்கள். அவர்களை வைத்துக்கொண்டு நான் பேசினால் நன்றாக இருக்காது. நான் சொல்லப்போவது இங்கிலாந்தின் வடகிழக்கில், டர்ஹாம் மாவட்டத்தில், வட கடலை ஒட்டி இருக்கும் ஈசிங்டன் கோலியரி என்ற ஊரைப் பற்றி. அந்த ஊரை மட்டும் சொன்னால் கதை முழுமையாகாது. அதனால் அக்கம்பக்கத்து ஊர்களுக்கும் கொஞ்சம் போய் வருவோம்.

ஈசிங்டன் என்ற பெயரில் அங்கே இரண்டு ஊர்கள் உண்டு. மேட்டில், பழைய தேவாலயத்தைச் சுற்றி இருப்பது ஆதி ஈசிங்டன். அதற்குக் கீழே கடலை நோக்கிப் போனால் ஈசிங்டன் கோலியரி. 19-ஆம் நூற்றாண்டின் கடைசிவரை அங்கே வயல்தான். டர்ஹாமின் மேற்குப் பகுதியில் பல நூறு ஆண்டுகளாகவே நிலக்கரி வெட்டினார்கள். கிழக்கே கடலோரத்தின் இந்தப் பகுதியில் வெகு காலம் யாரும் கைவைக்கவில்லை. நிலக்கரி இருப்பது தெரியும். ஆனால் அதன் தலைமேல் தண்ணீர் ஊறிய சுண்ணாம்புப் பாறையும் மணலும் அடுக்கடுக்காகக் கிடந்தன. தோண்டத் தோண்டக் குழி நிரம்பிவிடும்.

1899-இல் ஒரு கம்பெனி துணிந்து இறங்கியது. வழக்கமான முறைகள் பலிக்கவில்லை. கடைசியில் குழியைச் சுற்றித் துளைகள் போட்டு, குழாய் இறக்கி, உறைநிலைக்கும் கீழே குளிர வைத்த உப்புக் கரைசலை அவற்றில் ஓடவிட்டு, ஈரமண்ணைப் பனிக்கட்டிச் சுவராக உறைய வைத்தார்கள். அந்தச் சுவருக்குள்ளே தோண்டிக்கொண்டே போனார்கள். முதல் நிலக்கரி மேலே வந்தது 1910-இல். பதினொரு ஆண்டுகள் காசை மட்டுமே விழுங்கிய குழி அது. அவ்வளவு பணத்தைக் கொட்டிய கம்பெனி, பிறகு அந்தக் குழியிலிருந்து எவ்வளவு கறக்க நினைத்திருக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நெய்வேலிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் பார்த்திருப்பது திறந்தவெளிச் சுரங்கம். மேல்மண்ணை இராட்சத இயந்திரம் வாரி எறிந்துவிடும்; பழுப்பு நிலக்கரி வெயிலில் கிடக்கும். ஈசிங்டனில் ஆள் கூண்டில் ஏறிப் பூமிக்குள் இறங்க வேண்டும். இறங்கியபின் பக்கவாட்டில், கடலுக்கு அடியில், மைல் கணக்கில் போக வேண்டும். தலைக்கு மேலே பாறை, பாறைக்கு மேலே வட கடல். அதன் மேலே கப்பல்கள் போய்க்கொண்டிருக்கும்.

மேற்கே கரி தீர்ந்துபோன ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்குக் கம்பெனியே செங்கல் வீடுகளை வரிசை வரிசையாகக் கட்டியது. ஒரே அளவு, ஒரே முகம், வாசலில் தெரு, பின்னால் ஒரு சந்து. தெருக்களுக்குப் பெயர் வைக்கக்கூட யாரும் மெனக்கெடவில்லை. ஒரு பகுதி முழுக்க ஆங்கில அரிச்சுவடியின் முதல் எழுத்தில் தொடங்கும் பெயர்கள், அடுத்த பகுதி முழுக்க இரண்டாம் எழுத்தில். கணக்குப்பிள்ளை வைத்த பெயர்கள் என்று பார்த்தாலே தெரியும்.

வீடு கம்பெனியுடையது என்பதை மறந்துவிடாதீர்கள். டர்ஹாம் சுரங்கத் தொழிலாளி வரலாற்றில் பாதி அந்த ஒரு செய்தியிலேயே அடங்கியிருக்கிறது. வேலை போனால் கூரையும் போகும். 1844-இல் வேலைநிறுத்தம் செய்தவர்களை அப்படித்தான் தட்டுமுட்டுச் சாமான்களோடு தெருவில் எறிந்தார்கள். அந்த ஆண்டு லண்டன்டெரி பிரபு என்ற சுரங்க முதலாளி, தன் ஆளுகையில் இருந்த சீஹாம் ஊரின் கடைக்காரர்களுக்கு எச்சரிக்கை விடுத்தார்: வேலைநிறுத்தக்காரனுக்குக் கடன் கொடுக்கிற கடைக்குக் கம்பெனியின் வியாபாரம் இனிக் கிடையாது. அரிசிக்கடைக்காரரை மிரட்டி உழவனைப் பணிய வைக்கும் வித்தை நம் பண்ணையார்கள் மட்டும் கண்டுபிடித்தது என்று நினைத்துவிட வேண்டாம். இது போதாதென்று ஆண்டு ஒப்பந்தம் வேறு. ஆண்டுக்கு ஒருமுறை கைநாட்டு வைத்தால் அந்த ஆண்டு முழுக்க அதே முதலாளியிடம்தான். விட்டுப் போனால் சிறை. அந்த முறை ஒழிந்தது 1872-இல். 1869-இல் தொடங்கிய டர்ஹாம் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் முதல் பெரிய வெற்றி அது.

இப்போது கொஞ்சம் குழிக்குள் இறங்குவோம். அங்கே நடந்த இரண்டு வழக்கங்களை நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன். இந்த ஊர்களின் குணம் முழுக்க அவற்றில் இருக்கிறது.

முதலாவது, சீட்டுக் குலுக்கல். நிலக்கரி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. ஓரிடத்தில் ஆள் உயரத்துக்கு அடுக்கு இருக்கும். ஓரிடத்தில் படுத்துக்கொண்டுதான் வெட்ட வேண்டும். ஓரிடம் காய்ந்திருக்கும், ஓரிடத்தில் முதுகில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். வெட்டுகிற அளவுக்குத்தான் கூலி. அப்படியானால் நல்ல இடம் யாருக்கு? மேஸ்திரி கையில் அந்த முடிவு இருந்தால் என்ன நடக்கும்? அவருக்கு வேண்டியவனுக்கு நல்ல இடம், எதிர்த்துப் பேசியவனுக்குச் சேறு. டர்ஹாம் தொழிலாளிகள் அந்த அதிகாரத்தை மேஸ்திரியிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லார் பெயரையும் எழுதிப் போட்டுக் குலுக்குவார்கள். வந்த இடத்தில் அந்த மூன்று மாதம் வேலை. முணுமுணுக்கலாம், மாற்ற முடியாது. அதிர்ஷ்டத்தை நம்பினார்கள் என்று இதற்குப் பொருள் சொல்லக் கூடாது. மனிதனின் தயவைவிடச் சீட்டின் குருட்டுத்தனம் மேல் என்று அனுபவத்தில் தெரிந்துகொண்டவர்கள் செய்த ஏற்பாடு இது.

இரண்டாவது, தராசு. வெட்டிய கரியைத் தொட்டி வண்டியில் நிரப்பி, அதில் தன் அடையாள வில்லையை மாட்டி மேலே அனுப்புவான் தொழிலாளி. மேலே கம்பெனியின் ஆள் எடை போடுவான். ஒன்பது மணங்கை எட்டு என்று எழுதினால் கீழே இருப்பவனுக்கு எப்படித் தெரியும்? கல் கலந்திருக்கிறது என்று சொல்லி வண்டியையே கணக்கில் சேர்க்காமல் விட்டதும் உண்டு. நம் நாட்டில் கரும்பு ஆலை வாசலில் வண்டியோடு நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தொழிலாளிகள் கேட்டது ஒன்றுதான்: தராசுக்குப் பக்கத்தில் எங்கள் ஆளும் நிற்க வேண்டும். 1860-இல் சட்டம் அந்த உரிமையைக் கொடுத்தது. முதலாளிகள் இலேசில் விடவில்லை. 1887-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் அது உறுதியாக நிலைத்தது. அந்த எடை பார்ப்பவரைத் தொழிலாளிகளே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். அவருக்குச் சம்பளமும் அவர்களே கொடுத்தார்கள், தங்கள் கூலியிலிருந்து பிடித்துக்கொடுத்து.

இந்தக் கடைசி வாக்கியம்தான் இன்றைய பேச்சின் மையம். கம்பெனி குழி தோண்டியது, வீடு கட்டியது, கூலி கொடுத்தது. மற்றபடி ஊர் என்று நாம் சொல்வதெல்லாம் தொழிலாளியின் கூலியில் பிடித்த சில்லறைக் காசில் வந்தது. ஒரு டர்ஹாம் தொழிலாளியின் சம்பளத்தில் என்னென்ன பிடித்தம் என்று பாருங்கள். சங்கச் சந்தா. எடை பார்ப்பவருக்கு. வைத்தியருக்கு. முதியோர் வீட்டு நிதிக்கு. ஊர் பேண்டு வாத்தியக் குழுவுக்குக்கூட. ஒவ்வொன்றும் வாரத்துக்குச் சில பென்னி. சம்பளம் கைக்கு வரும்போது அது மெலிந்துதான் வந்திருக்கும். ஆனால் அந்தச் சில்லறை சும்மா போகவில்லை.

முதியோர் வீட்டு நிதியைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். வீடு கம்பெனியுடையது என்று சொன்னேன் அல்லவா? நாற்பது ஐம்பது வருஷம் குழிக்குள் உழைத்துவிட்டு, முடியவில்லை என்று வேலையை விட்ட அன்றைக்கே அந்தக் கிழவரும் கிழவியும் வீட்டைக் காலி செய்ய வேண்டும். வேலைக்குப் போகிற மகன் இருந்தால் அவன் வீட்டு மூலையில் ஒண்டிக்கொள்ளலாம். இல்லையென்றால் ஏழையர் விடுதி. ஜோசப் ஹாப்பர் என்ற சுரங்கத் தொழிலாளி, மெதடிஸ்ட் சபையில் பிரசங்கம் செய்கிறவர், இது அநியாயம் என்று ஊர் ஊராகப் பேசினார். அரசாங்கத்திடம் மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கவில்லை. 1898-இல் சங்கம் ஒன்று அமைந்தது. ஹாஸ்வெல் மூர் என்ற இடத்தில் மூடிக் கிடந்த சுரங்கத்தின் பழைய வீடுகளை விலைக்கு வாங்கி, முதியவர்களைக் குடியேற்றினார்கள். பிறகு ஊருக்கு ஊர் புது வீடுகள் எழும்பின. வேலை செய்கிறவன் கொடுக்கிற சில்லறையில் ஓய்வு பெற்றவனுக்கு வாடகையில்லா வீடு. இங்கிலாந்தில் அரசின் முதியோர் ஓய்வூதியம் நடைமுறைக்கு வந்தது 1909-இல்தான். அதற்குப் பத்தாண்டு முன்னாலேயே இவர்கள் கூரையைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். சுரங்கமெல்லாம் மூடியபிறகும் அந்த அமைப்பு டர்ஹாமில் முதியவர்களுக்கு வீடு கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது.

கூட்டுறவுக் கடையும் இதே வழியில் வந்தது. கம்பெனிக்கு வேண்டிய கடைக்காரரிடம் கடனுக்கு வாங்கிக் கஷ்டப்பட்டவர்கள், உறுப்பினரே உரிமையாளர் என்ற கடையைத் தொடங்கினார்கள். மாவு, வெண்ணெய், பூட்ஸ், சவப்பெட்டி வரை அங்கே கிடைக்கும். காலாண்டு முடிவில் வாங்கிய அளவுக்கு ஏற்ப லாபப் பங்கு கைக்கு வரும். நம் வீடுகளில் தீபாவளிச் சீட்டுப் பணத்தை நம்பித்தான் துணி எடுப்பார்கள். அங்கே பிள்ளைகளுக்குச் செருப்பு வாங்குவது அந்தப் பங்குப் பணத்தில். ஆன்ஃபீல்ட் பிளெயின் என்ற ஊரின் கூட்டுறவுக் கடையை அப்படியே பெயர்த்தெடுத்துப் பீமிஷ் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். டர்ஹாம் பக்கம் போகிறவர்கள் பார்க்கலாம்.

பிறகு சபைகள். டர்ஹாமில் மெதடிஸ்ட் சபை கடவுளைக் கொடுத்ததைவிடக் கணக்கு எழுதக் கொடுத்த பயிற்சி பெரிது என்று எனக்குத் தோன்றும். பக்தர்கள் மன்னிக்க வேண்டும். கூட்டத்தில் எழுந்து பேசுவது, தீர்மானத்தைக் குறிப்பேட்டில் எழுதுவது, காசுக்கு ரசீது போடுவது, இதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வகுப்புகளில் கற்றது. பீட்டர் லீ என்றொருவர். 1864-இல் பிறந்தார். பத்து வயதில் குழிக்குள் போனார். வாலிபராக அமெரிக்காவும் தென்னாப்பிரிக்காவும் போய் அங்கேயும் சுரங்கத்தில் உழைத்துத் திரும்பினார். இருபது வயதுக்குப் பிறகுதான் ஒழுங்காகப் படிக்கக் கற்றுக்கொண்டார். வீட்லி ஹில் என்ற ஊரில் எடை பார்ப்பவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1919-இல் டர்ஹாம் மாவட்ட மன்றம் தொழிற்கட்சியின் கைக்கு வந்தபோது அதன் தலைவரானார். இங்கிலாந்தில் தொழிற்கட்சி பிடித்த முதல் மாவட்ட மன்றம் அது. ஊருக்குக் குடிநீரும் சாக்கடையும் கொண்டுவருவதே அவருக்குப் புரட்சி. தராசு முள்ளை உற்றுப் பார்த்த கண் நகராட்சிக் கணக்கையும் அப்படித்தான் பார்த்தது.

சாப்வெல் என்ற ஊர் மட்டும் வேறு மாதிரி. அங்கே தெருக்களுக்கு மார்க்ஸ் பெயரும் லெனின் பெயரும் வைத்தார்கள். அதே காசு, அதே சில்லறை, கனவு மட்டும் வேறு.

இதுவரை ஆண்களின் கதையாகவே சொல்லிவிட்டேன். அந்த ஊர்களைப் பற்றி எழுதியவர்களில் பலரும் அப்படியே முடித்துவிடுவார்கள். பெண்களை 1842-ஆம் ஆண்டுச் சட்டம் குழிக்குள் இறங்கவிடாமல் நிறுத்தியது. பத்து வயதுக்கு உட்பட்ட பையன்களையும் அந்தச் சட்டம்தான் தடுத்தது. பிறகு பெண்ணின் வேலை வீடு. என்ன வேலை தெரியுமா? கணவனுக்கு ஒரு ஷிப்டு. மூத்த மகனுக்கு வேறு ஷிப்டு. இளையவனுக்கு இன்னொன்று. ஒருவன் விடியற்காலை இரண்டு மணிக்குக் கிளம்புவான். ஒருவன் அந்நேரம் திரும்புவான். ஒவ்வொருவனுக்கும் சுடச் சோறு, சுடச் சுடக் குளிக்கத் தண்ணீர். சுரங்க வாசலில் குளியலறை வருவதற்கு முன், கரி படிந்த உடம்போடுதான் வீட்டுக்கு வருவான். அடுப்பு முன்னால் தகரத் தொட்டி. தண்ணீரைக் கொதிக்க வைத்துத் தூக்கி ஊற்றுவது அவள். முதுகு தேய்ப்பதும், அழுக்குத் தண்ணீரை வெளியே கொண்டுபோய்க் கொட்டுவதும் அவள். அந்த உடுப்பைச் சுவரில் அடித்துக் கரித்தூளை உதிர்க்க வேண்டும். கூலியின் ஒரு பகுதியாகக் கிடைக்கும் நிலக்கரியைப் பின்சந்தில் குவியலாகக் கொட்டிவிட்டுப் போவார்கள். மழை வருவதற்குள் அதை மண்வாரியால் வாரிச் சுவரின் சின்னக் கதவு வழியாகக் கொல்லைக்குள் தள்ள வேண்டும். துணி உலர்த்தும் நாளில் அந்தக் கரிவண்டி சந்துக்குள் வந்தால் நடக்கும் சண்டை சாதாரணச் சண்டையாக இருக்காது.

கிழிந்த கோட்டையும் பாவாடையையும் துண்டு துண்டாக வெட்டிச் சாக்கில் குத்திக் குத்தி மிதியடி நெய்வார்கள். சட்டத்தைச் சுற்றி நாலு பெண்கள் உட்கார்ந்துகொண்டு செய்வது. ஊர்ச் செய்தி முழுக்க அங்கேதான் உலவும். ஆண்களுக்கு மாலையில் தொழிலாளர் மன்றம், புறாப் பந்தயம், தோட்டம். லீக்ஸ் செடியை யார் பெரிதாக வளர்க்கிறார்கள் என்று ஆண்டுதோறும் போட்டி. போட்டிக்கு முந்தின இரவு தோட்டத்தில் காவல் இருப்பார்கள். பொறாமைக்காரன் வந்து செடியைச் சீவிவிட்டுப் போய்விடுவான். குழிக்குள் ஒருவன் உயிரை மற்றவன் காப்பான். மேலே வந்து லீக்ஸை வெட்டுவான். ஒற்றுமை ஒற்றுமை என்று அந்த ஊர்களைப் பற்றி உருகுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த மன்றங்கள் பலவற்றில் பெண்களுக்கு உறுப்பினர் உரிமை வெகு காலம் கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும்.

1947 ஜனவரி 1-ஆம் தேதி சுரங்கங்கள் நாட்டுடைமை ஆயின. இனி இது மக்கள் சார்பில் நடக்கும் என்று சுரங்க வாசலில் பலகை வைத்தார்கள். பேண்டு வாசித்தார்கள். அதற்கு நாலரை ஆண்டு கழித்து, 1951 மே 29, விடியற்காலை 4.35 மணி. ஈசிங்டன் சுரங்கத்தின் ஒரு பகுதியில் ஷிப்டு மாறும் நேரம். வேலை முடித்துக் கிளம்ப வேண்டியவர்களும் வேலைக்கு வந்து இறங்கியவர்களுமாக 81 பேர் உள்ளே. கரி வெட்டும் இயந்திரத்தின் பற்கள் கரிக்குள் இருந்த கந்தகக் கல்லில் உரசிப் பொறி பறந்தது. மீத்தேன் வாயு பற்றிக்கொண்டது. அந்த வெடிப்பு பாதைகளில் படிந்து கிடந்த கரித்தூளைக் கிளப்பி, தூளும் பற்றி, நெருப்பு ஓட்டமாக ஓடியது. 81 பேரும் போனார்கள். காப்பாற்ற இறங்கியவர்களில் இருவர் நச்சு வாயுவில் இறந்தார்கள். மொத்தம் 83.

மேலே ஊர் சுரங்க வாசலில் நின்றது. உடல்கள் ஒன்றிரண்டாக வந்தன. பல நாள் ஆயிற்று. சின்ன ஊர் அது. தெருவுக்குத் தெரு சாவு. ஊர்க் கல்லறையில் பெரும்பாலானவர்களை ஒன்றாகப் புதைத்தார்கள். கல்லறை வாசலில் ஒரு பெரிய கல் நிற்கிறது. வெடிப்பு நடந்த இடத்திலிருந்து மேலே கொண்டுவந்த கல். அதையொட்டிய பாதையில் 83 மரங்கள் நட்டார்கள். அரசு விசாரணை நடந்தது. இயந்திரப் பற்கள், காற்றோட்டம், தூளை அடக்கும் முறை எல்லாம் பற்றிப் பரிந்துரைகள் வந்தன. நாட்டுடைமை ஆக்கிவிட்டால் பூமிக்கடியில் வாயு கலைந்துவிடாது என்பதை அந்த ஊர் அதிக விலை கொடுத்துத் தெரிந்துகொண்டது. ஆனாலும் ஆண்கள் மறுபடி அதே கூண்டில் இறங்கினார்கள். வேறு எங்கே போவது?

இதே 1951-இல்தான் டர்ஹாம் மாவட்ட மன்றம் தன் வளர்ச்சித் திட்டத்தை வெளியிட்டது. ஊர்களை நாலு வகையாகப் பிரித்தார்கள். நான்காம் வகையில் 114 ஊர்கள். அந்த ஊர்களில் கரி தீர்ந்துவிட்டது அல்லது தீரப் போகிறது. ஆகவே அங்கே இனிப் புது வீடு கிடையாது, சாலைக்கும் சாக்கடைக்கும் புதுப் பணம் கிடையாது. இருக்கும் வீடுகள் ஆயுள் முடிந்ததும் இடிபடும். மக்கள் வேறு ஊருக்குப் போக வேண்டும். ஈசிங்டன் அந்தப் பட்டியலில் இல்லை. அதன் குழி அப்போது நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. பட்டியல் போட்டவர்கள் யார்? இங்கிலாந்து நிலக்கரி முதலாளிகளா? இல்லை. தொழிற்கட்சி மன்றம், சுரங்கத் தொழிலாளர் பிள்ளைகளே உட்கார்ந்திருந்த மன்றம். பீட்டர் லீ உட்கார்ந்திருந்த அதே மன்றம்.

அவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஒழுகும் வீடு, வெளியே இருக்கும் கழிப்பறை, சேற்றுச் சந்து, இவற்றை ஒழித்து நல்ல ஊர் கட்ட வேண்டும் என்று நினைத்தார்கள். அப்படித்தான் ஈசிங்டனுக்குப் பக்கத்தில் 1948-இல் புது நகரம் ஒன்றை அறிவித்தார்கள். அதற்குப் பீட்டர்லீ என்று அந்தத் தலைவரின் பெயரையே வைத்தார்கள். ஆனால் நான்காம் வகை ஊர்களில் இருந்தவர்கள் மறுத்தார்கள். விட்டன் பார்க் போன்ற ஊர்களில் எதிர்ப்பு ஆண்டுக்கணக்கில் நடந்தது. திட்டம் போட்டவர்கள் வீட்டின் வயதைக் கணக்கிட்டார்கள், கரி அடுக்கின் கனத்தைக் கணக்கிட்டார்கள். அந்த ஊருக்காக அங்கே இருந்தவர்கள் மூன்று தலைமுறையாகக் கட்டிய சந்தாவை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. கடை, மன்றம், சபை, பேண்டு, முதியோர் வீடு இதையெல்லாம் பெயர்த்து அடுத்த ஊருக்கு எடுத்துப் போக முடியாது என்பது திட்ட அதிகாரிக்குத் தெரியவில்லை. சந்தா கட்டியவனுக்குத் தெரிந்திருந்தது. சில ஊர்கள் தரைமட்டமாயின. பெரும்பாலானவை பிழைத்துக்கொண்டன. 1977-இல் அந்தக் கொள்கையைக் கைவிட்டார்கள். நல்லவர்கள் செய்த தவறு என்பதால் தவறு இல்லை என்று ஆகிவிடாது. நெய்வேலி நிலம் எடுத்த கதை தெரிந்தவர்கள் இதைப் புரிந்துகொள்வார்கள் என்று நினைக்கிறேன்.

1984 வேலைநிறுத்தம் எல்லோரும் அறிந்தது, சுருக்கமாகச் சொல்கிறேன். மார்ச்சில் இருபது சுரங்கங்களை மூடுவதாகச் செய்தி வந்தது. நாடு முழுக்கப் போராட்டம். ஒரு வருஷம் நடந்து 1985 மார்ச் 3-இல் முடிந்தது. ஈசிங்டனில் ஏறத்தாழ அனைவரும் வெளியே நின்றார்கள். 1984 ஆகஸ்டில் ஒரே ஒரு ஆளை வேலைக்குக் கொண்டுபோக அந்தச் சின்ன ஊருக்குள் கவசமும் கேடயமுமாகப் போலீஸ் வந்து இறங்கியது, தெருக்களை மறித்தது. தங்கள் வீட்டுக்குத் தாங்களே போக முடியாமல் ஊரார் நின்ற நாட்கள் அவை. வேலைநிறுத்தக்காரரின் குடும்பத்துக்கு அரசு தரும் உதவித்தொகையில் வாரம் 15 பவுண்டைக் கழித்துக்கொண்டது; சங்கம் கொடுத்திருக்கும் என்ற கணக்கில். சங்கம் கொடுக்கவில்லை. அப்போது ஊரைக் காப்பாற்றியவர்கள் பெண்கள். தொழிலாளர் மன்றக் கட்டடத்தில் பொதுச் சமையலறை தொடங்கி, தினமும் நூற்றுக்கணக்கானவருக்குச் சமைத்துப் போட்டார்கள். தங்களை உறுப்பினராகச் சேர்க்காத மன்றத்தின் அடுப்படியிலிருந்து அவர்கள் போராட்டத்தை நடத்தினார்கள். பிறகு மேடை ஏறினார்கள், வெளியூர் போய்ப் பேசினார்கள். போராட்டம் தோற்றது. ஆனால் அந்தப் பெண்களில் பலர் பழையபடி திரும்பவில்லை. கல்லூரிக்குப் போனார்கள், ஊராட்சி மன்றங்களுக்குத் தேர்வானார்கள்.

1992 அக்டோபரில் 31 சுரங்கங்களை மூடப்போவதாக அரசு அறிவித்தது. ஈசிங்டன் 1993 மே 7-இல் மூடியது. 1,400 பேருக்கு வேலை போயிற்று. கரி தீர்ந்து மூடவில்லை. கடலுக்கடியில் இன்னும் இருக்கிறது. அடுத்த ஆண்டே சக்கரக் கோபுரத்தை இடித்தார்கள். டர்ஹாமில் 1913-இல் ஏறத்தாழ 1,65,000 பேர் சுரங்கத்தில் வேலை பார்த்தார்கள். 1993 டிசம்பரில் வேர்மவுத் மூடியதோடு அது பூஜ்யமாயிற்று. அந்த வேர்மவுத் இருந்த இடத்தில் இப்போது கால்பந்து மைதானம்.

மூடியபின் என்ன நடந்தது? நல்லதை முதலில் சொல்கிறேன். பல பத்தாண்டுகளாகச் சுரங்கக் கழிவை நேராகக் கடற்கரையில் கொட்டினார்கள். மணல் கறுத்து, அலை கறுத்து, மீன் ஓடிப்போயிற்று. பக்கத்து பிளாக்ஹால் கடற்கரை 1971-இல் வந்த ஒரு குற்றப் படத்தின் கடைசிக் காட்சியில் வருகிறது. கழிவைக் கடலில் கொட்டும் தொட்டிகளைப் பார்த்தால் வேற்றுக் கிரகம்போல் இருக்கும். 1997-இலிருந்து 2002 வரை ஒரு கோடிப் பவுண்டு செலவில் அந்தக் கரையைச் சுத்தம் செய்தார்கள். இன்று சுண்ணாம்புப் பாறை முகட்டில் காட்டுப் பூக்கள். சுரங்கம் இருந்த இடமும் புல்வெளி. நடுவில் பழைய கூண்டு ஒன்றை நினைவாக நிறுத்தியிருக்கிறார்கள்.

கெட்டது, ஊருக்குள்ளே நடந்தது. சம்பளம் நின்றது, சம்பளத்தில் பிடித்த சில்லறையும் நின்றது. கடைகள் மூடின. கம்பெனி வீடுகள் கைமாறிக் கைமாறி, ஊரையே பார்க்காத வெளியூர் முதலாளிகளிடம் ஏலத்தில் போயின. 2000-இல் வந்த பில்லி எலியட் படத்தை இந்த ஊரில்தான் எடுத்தார்கள். படத்தில் ஊருக்கு வேறு பெயர். பாலே ஆடும் சுரங்கத் தொழிலாளி மகனைப் பார்த்து உலகம் கண்ணீர் விட்டது. படத்தில் வந்த தெருக்களில் ஒன்றை, வீடுகள் பாழடைந்தபின், 2003-இல் இடித்துவிட்டார்கள். கரித்தூள் நுரையீரலில் படிந்த நோயோடு வாழ்ந்தவர்களுக்கு நஷ்டஈடு கிடைக்கப் பல ஆண்டு வழக்காடினார்கள். பலர் தீர்ப்புக்கு முன்பே போய்விட்டார்கள்.

ஆனால் ஒன்று மிச்சமிருக்கிறது. ஜூலை மாதம் இரண்டாம் சனிக்கிழமை டர்ஹாம் நகரில் சுரங்கத் தொழிலாளர் பெருவிழா. 1871-இல் தொடங்கியது. ஒவ்வொரு ஊரும் தன் சங்கக் கிளையின் பட்டுப் பதாகையைத் தூக்கிக்கொண்டு, பேண்டு முழங்க நகர் வழியாகப் போகும். வீட்டுக் கதவைவிடப் பெரிய பட்டுத் துணி. அதில் தலைவர்கள் படமோ, கட்டிய முதியோர் வீட்டின் படமோ வண்ணத்தில் தீட்டியிருக்கும். சுரங்கங்கள் ஓடிய காலத்தில், அந்த ஆண்டு சுரங்கத்தில் யாராவது இறந்திருந்தால் அந்த ஊர்ப் பதாகையில் கறுப்புத் துணி கட்டினார்கள். புதுப் பதாகையைப் பேராலயத்துக்குள் கொண்டுபோய் ஆசி பெறுவார்கள். சுரங்கம் எல்லாம் மூடியபின் இந்த விழா தானாக நின்றுவிடும் என்றுதான் நினைத்தார்கள். நிற்கவில்லை. குழியே பார்க்காத பிள்ளைகள் காசு திரட்டி, கந்தலான பழைய பதாகைகளுக்குப் பதிலாகப் புதியவை செய்து தூக்கிக்கொண்டு வருகிறார்கள். கம்பெனி கட்டியதில் கோபுரம் போயிற்று, அலுவலகம் போயிற்று, வீட்டில் பாதி போயிற்று. சந்தாவில் வந்தவை, முதியோர் வீடும் பதாகையும் பேண்டும், பெரும்பாலும் இருக்கின்றன.

அவைத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரு விண்ணப்பத்தோடு முடித்துவிடுகிறேன். டர்ஹாம் சங்கத்தின் ஆவணங்கள், நூறாண்டுக்கு முந்தைய கூட்டக் குறிப்பேடுகள் உட்பட, அந்த மாவட்ட ஆவணக் காப்பகத்தில் இன்று யாரும் கேட்டுப் பார்க்கலாம். நான் இவ்வளவு பேச முடிந்தது அப்படி யாரோ பத்திரப்படுத்தி வைத்ததால்தான். தங்கவயலிலிருந்து வந்திருப்பவர்கள், நெய்வேலியிலிருந்து வந்திருப்பவர்கள் கேளுங்கள். உங்கள் தாத்தாவின் சம்பளச் சீட்டு, சங்கச் சந்தா ரசீது, பஜனை மடத்துக்கும் கால்பந்துக் குழுவுக்கும் பிடித்த கணக்கு, தகரப் பெட்டியில் எங்காவது கிடக்கும். பழைய காகிதம் என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள். இந்த நூலகத்துக்குக் கொண்டுவாருங்கள். நகல் எடுத்துக்கொண்டு அசலைத் திருப்பித் தர நூலகர் சம்மதித்திருக்கிறார்.